"முதலில் என்ன செய்வீர்கள்?": சிங்கப்பூர் நர்சிங் உரிமத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

ஊரில் செவிலியர் என்று எழுதுவோம். சிங்கப்பூரில் தாதி என்று எழுதுகிறார்கள். இரண்டு இடத்திலும் வாய் சொல்வது நர்ஸ் என்றுதான். வார்டில் வயதான நோயாளிகள் மட்டும் இன்னும் "மிஸ்ஸி" என்று கூப்பிடுவார்கள். வந்த புதிதில் அது தெரியாமல், யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பாட்டுக்கு நடந்து போயிருக்கிறேன். யாராவது மிஸ்ஸி என்றால் திரும்பிப் பாருங்கள், உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்து, சிங்கப்பூரில் என்ரோல்டு நர்ஸாக, அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு அடுத்த நிலையில், பதிவு பெறத் தேர்வு எழுதப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ரெஜிஸ்டர்டு நர்ஸ் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முதல் தடவை தேறவில்லை. படிக்காமல் போனதால் வந்த தோல்வி இல்லை அது. நோய், காரணம், அறிகுறி, சிகிச்சை என்று ஊரில் மனப்பாடம் செய்த வரிசையிலேயே மறுபடியும் படித்தேன். கேள்வித்தாளோ நோயைப் பற்றி அதிகம் கேட்கவே இல்லை. நோயாளி இப்படி இருக்கிறார், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டது.

விண்ணப்பம் யார் வழியாகப் போகிறது

இங்கே நர்ஸாக வேலை செய்யச் சிங்கப்பூர் நர்சிங் போர்டின் பதிவும், நடப்பில் இருக்கும் தொழில் சான்றிதழும் வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தாதியர், மருத்துவச்சியர் சட்டம் அப்படிச் சொல்கிறது. பொதுத் தாதிமையில் இரண்டு நிலைகள் இருக்கின்றன: ரெஜிஸ்டர்டு நர்ஸ், என்ரோல்டு நர்ஸ். உள்ளூர்ப் பிள்ளைகளில் என்ரோல்டு நர்ஸ் ஆகிறவர்கள் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து வருகிறார்கள். ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆகிறவர்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்து வருகிறார்கள். நம்மைப் போல வெளிநாட்டில் படித்து வருகிறவர்களுக்குத்தான் இந்த உரிமத் தேர்வு.

"தேர்வை எழுதி முடித்துவிட்டு அப்புறம் வேலை தேடிக்கொள்கிறேன்" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது நடக்காது. முதலில் இங்குள்ள ஒரு மருத்துவமனையோ, முதியோரை வைத்துப் பராமரிக்கும் தாதிமை இல்லமோ உங்களுக்கு வேலை தர முன்வர வேண்டும். போர்டுக்கு விண்ணப்பம் அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் போகும். எந்த நிலைக்கு நீங்கள் தகுதி என்பதை உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துப் போர்டு முடிவு செய்யும். ஊரில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர் இங்கே என்ரோல்டு நர்ஸ் நிலையில் தொடங்குவது சகஜம். அதை ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டு அந்த வருத்தத்திலேயே தேர்வுக்குப் படிக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காகிதங்களில் நேரம் தின்பது ஊரில் இருந்து வர வேண்டியவைதான். பாடவாரியாக எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டுப் பயிற்சி என்று காட்டும் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியில் இருந்து வாங்க வேண்டும். தமிழ்நாடு செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், உங்கள் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்ற சரிபார்ப்பும் அங்கிருந்து வர வேண்டும். இவற்றை முதலில் தொடங்குங்கள். கோச்சிங் சேர்வதெல்லாம் அப்புறம்.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு தலைவலி, பெயர். சான்றிதழில் "கே. செல்வி" என்று இருக்கும். கடவுச்சீட்டில் இனிஷியல் விரிந்து "செல்வி கருப்பையா" என்று இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணத்தில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். இனிஷியல் வழக்கமே தெரியாத ஓர் அலுவலருக்கு மூன்று ஆள். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, எழுத்துக்கூட்டல் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நோட்டரி பிரமாண பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

முகவர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை முகவர், ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமாக இருந்தாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது. அவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பெயரை அடித்தே பார்க்கலாம். "தேர்வில் பாஸ் வாங்கித் தருகிறோம்" என்று சொல்கிற ஆளிடம் அதற்குமேல் பேசவே வேண்டாம்.

அலகுகள்: இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்

சரி, படிப்புக்கு வருவோம். எந்தப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன் அலகுகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வோம். 110 என்றால் பரவாயில்லை, 300 என்றால் பதறுவோம். இங்கே எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. ஊர்க் கணக்கை 18-ஆல் வகுத்தால் இங்குள்ள கணக்கு வரும். 180 என்பது 10. 126 என்பது 7. 4-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை.

இது வெறும் கூட்டல் கழித்தல் விஷயம் இல்லை. "நோயாளிக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, சர்க்கரை 3.2, நினைவோடு இருக்கிறார்" என்று கேள்வி வந்தால் 3.2 என்பதைப் பார்த்ததும் உங்கள் வயிறு கலங்க வேண்டும். 18-ஆல் பெருக்கிப் பார்த்து 58 என்று கண்டுபிடித்துப் பிறகு கலங்குவதற்குத் தேர்விலும் நேரம் இல்லை, வார்டிலும் நேரம் இல்லை. நான் செய்தது இதுதான்: வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் போனில் அவர் சொல்லும் எண்ணை இங்குள்ள கணக்குக்கு மாற்றி அவருக்கே திருப்பிச் சொல்வேன். "என்னடி, எனக்குச் சர்க்கரை பத்துதானா?" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மூன்று வாரத்தில் எனக்குப் பெருக்கவே தேவைப்படவில்லை.

காய்ச்சலும் அப்படித்தான். ஊரில் பாரன்ஹீட், இங்கே செல்சியஸ். 38 என்பது 100.4, 39 என்பது 102.2. கிரியாட்டினின் இங்கே மைக்ரோமோலில் வரும். ஊர்க் கணக்கை 88.4-ஆல் பெருக்க வேண்டும். ஊரில் 1 என்பது இங்கே 88. முதல் தடவை 88 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுச் சிறுநீரகம் போய்விட்டது என்று நினைத்தவள் நான். பொட்டாசியம், சோடியம் எண்கள் மாறாது. ரத்த அழுத்தமும் மாறாது.

மருந்துப் பெயர்களுக்கும் இதே கதை. ஊரில் டோலோ, குரோசின் என்போம், இங்கே எல்லார் வாயிலும் பனடால். தேர்விலோ பாராசிட்டமால் என்ற மூலப்பெயர்தான். பிராண்டுப் பெயரில் மட்டும் தெரிந்து வைத்திருக்கும் மருந்துகளுக்கெல்லாம் ஒரு நோட்டுப் போட்டு மூலப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் இலவசப் பயிற்சிக் கேள்விகளில் பல அமெரிக்காவின் பிராக்டிகல் நர்ஸ் தேர்வுக்கானவை. அங்கே பிராக்டிகல் நர்ஸ் என்றால் ஏறக்குறைய இங்குள்ள என்ரோல்டு நர்ஸ் மாதிரி. அந்தக் கேள்விகள் நல்ல பயிற்சி, தயங்காமல் செய்யுங்கள். ஆனால் அவற்றில் சர்க்கரை மில்லிகிராமில் இருக்கும், பாராசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்பார்கள், சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்பார்கள், அட்ரினலினை எபிநெஃப்ரின் என்பார்கள். மருந்து தெரிந்தும் பெயர் தெரியாமல் விழிப்பதைவிட இந்த ஜோடிப் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

மருந்துக் கணக்கு

கணக்கு என்றாலே சிலருக்குக் கை உதறும். உண்மையில் முழு மதிப்பெண் உறுதியாகக் கிடைக்கும் ஒரே பகுதி இதுதான். மற்ற கேள்விகளில் இரண்டு விடைகள் சரி போலத் தெரியும். கணக்கில் ஒன்றுதான் சரி.

அடிப்படை ஒன்றே: கொடுக்க வேண்டிய அளவைக் கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது எத்தனை மில்லியில் இருக்கிறதோ அதனால் பெருக்குவது. அமாக்ஸிசிலின் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிறது, டாக்டர் எழுதியது 200 மில்லிகிராம் என்றால், 200-ஐ 125-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க 8 மில்லி. குழந்தைக்கு எடைக் கணக்கு வரும். 16 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்றால் 240 மில்லிகிராம். சிரப் 5 மில்லியில் 120 இருந்தால் 10 மில்லி.

டிரிப்புக்கு: 500 மில்லி, 4 மணி நேரம், டிரிப் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67 வரும். அரைச் சொட்டு விழாது, ஆகவே நிமிடத்துக்கு 42. பம்பில் போடுவதென்றால் சொட்டே வேண்டாம், மணிக்கு 125 மில்லி, அவ்வளவுதான். மணி நேரத்தை நிமிடமாக மாற்ற மறப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

விடை வந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடி அந்த அளவைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு வேளைக்கு 80 மில்லி சிரப், 14 மாத்திரை என்றெல்லாம் வந்தால் புள்ளி எங்கோ நகர்ந்துவிட்டது. எழுதும்போதும் இங்கே கண்டிப்பு உண்டு. அரை மில்லிகிராம் என்றால் 0.5 என்று முன்னால் சுழியம் போட வேண்டும். 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதக்கூடாது, புள்ளி கண்ணில் படாவிட்டால் 50 ஆகிவிடும். இன்சுலினுக்கு யூனிட் என்று முழுச்சொல்லாக எழுத வேண்டும். அதன் ஆங்கில முதலெழுத்தான U-வை மட்டும் போட்டால் சுழியம் போலத் தெரியும்.

ஒரு நாளைக்கு 5 கணக்கு. ஒரு நாளில் 50 போட்டுவிட்டு ஒரு வாரம் விடுவது உதவாது.

கேள்வியைப் படிக்கும் விதம்

தேர்வு ஆங்கிலத்தில், விடையைத் தெரிவு செய்யும் முறையில் இருக்கும். நாம் கதை முழுவதையும் படித்துவிட்டுக் கடைசி வரியை ஓட்டமாகப் படிப்போம். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். கடைசி வரியை முதலில் படியுங்கள். முதலில் செய்வது எது என்கிறதா, செய்யக்கூடாதது எது என்கிறதா, நோயாளிக்கு இன்னும் விளக்கம் தேவை என்பதைக் காட்டும் பேச்சு எது என்கிறதா? கடைசியாகச் சொன்ன வகை என்னைப் பலமுறை கவிழ்த்தது. அதில் மூன்று பேச்சுகள் சரியாக இருக்கும், ஒன்று தப்பாக இருக்கும். தப்பானதுதான் விடை. "வார்ஃபரின் சாப்பிடுகிறேன், தலைவலி வந்தால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்வேன்" என்று நோயாளி சொன்னால் அவருக்கு இன்னும் விளக்கம் தேவை (வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து), அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல பேச்சைத் தேடிப் பழகிய கை தானாகச் சரியான வாக்கியத்துக்கு ஓடிவிடும்.

அடுத்து, யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்விகள். இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம். உங்கள் பொறுப்பில் நான்கு பேர். ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 6.8. இன்னொருவருக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி, பத்துக்கு ஏழு என்கிறார். மூன்றாமவரின் டிரிப் முடிந்துவிட்டது. நான்காமவர் ஆஸ்துமா நோயாளி, காலையில் இருந்து சத்தமாக இழுத்துக்கொண்டிருந்தவர் இப்போது சத்தமில்லாமல் சோர்ந்து கிடக்கிறார். வலி என்றதும் மனம் இரண்டாமவரிடம் போகும். ஆனால் இழுப்புச் சத்தம் நின்றது குணமாகி அல்ல, காற்றே உள்ளே போகாததால். நான்காமவர்தான் முதலில். மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையை எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். அது அமைதியாகப் படுத்திருக்கும் ஆளின் உருவத்தில் வரும்போது அடையாளம் தெரிய வேண்டும், அதற்குத்தான் பயிற்சி.

என்ரோல்டு நர்ஸ் தேர்வில் இன்னொன்று சேரும்: உங்கள் எல்லை எது. என்ரோல்டு நர்ஸ், ரெஜிஸ்டர்டு நர்ஸின் மேற்பார்வையில் வேலை செய்பவர். அறுவை முடிந்து இரண்டு மணி நேரம் ஆன நோயாளி. ரத்த அழுத்தம் 118/76-இல் இருந்து 92/58-க்கு இறங்கியிருக்கிறது, நாடி 84-இல் இருந்து 122-க்கு ஏறியிருக்கிறது, காயத்துக் கட்டு நனைந்திருக்கிறது. விடைகள்: பதிவு செய்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்ப்பது, வலி மருந்து கொடுப்பது, நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பது, காயத்தை அழுத்திப் பிடித்து அங்கேயே நின்றபடி ரெஜிஸ்டர்டு நர்ஸை உடனே அழைப்பது. கடைசியானதுதான். இதில் இரண்டு பாதி இருப்பதைக் கவனியுங்கள். கையால் செய்யக்கூடியதைச் செய்ய வேண்டும், உடனே சொல்லவும் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் "மேலே சொல்வேன்" என்ற விடையும் ஆபத்து. ஊரில் நமக்கு டாக்டரைக் கூப்பிடுவதுதான் முதல் பழக்கம். ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கமும் முதுகுவலியும் வருகிறது என்றால், கூப்பிடுவதற்கு முன் ரத்தம் ஏறுவதை நிறுத்த வேண்டும். நீங்கள் போன் போடும் நேரம் முழுக்க அந்த ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். முன்னே சொன்ன 3.2 சர்க்கரைக்காரருக்கும் அப்படியே. நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் முதலில் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீரோ அரை டம்ளர் பழச்சாறோ. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அப்போது ஆளைக் கூப்பிடுவதுதான் சரி.

"கவலைப்படாதீங்க" என்பது தப்பான விடை

நம் வாயில் இயல்பாக வருவது, "ஒண்ணும் ஆகாதும்மா, கவலைப்படாதீங்க." வார்டில் அன்பாகத்தான் சொல்கிறோம். தேர்வில் அது எப்போதும் தப்பு. நோயாளி "நாளைக்கு ஆபரேஷன், பயமாக இருக்கிறது" என்றால், "எதை நினைத்துப் பயமாக இருக்கிறது, சொல்லுங்கள்" என்று அவரைப் பேச விடும் விடையே சரி. ஏன் என்று குறுக்குக் கேள்வி கேட்பதும், உங்கள் சொந்தக் கதையைச் சொல்வதும், பேச்சை மாற்றுவதும் தவறான விடைகள். எனக்கு இது முதலில் செயற்கையாகத்தான் பட்டது. பிறகு தாதிமை இல்லத்தில் ஒரு பாட்டியிடம் கவலைப்படாதீங்க என்றதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்கப்புறம் அந்தக் கேள்விகளில் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை.

குடும்பம் சம்பந்தப்பட்ட கேள்விகளும் நமக்கு முள். "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்லாதீர்கள்" என்று மகன் கேட்கிறார். ஊரில் சரி என்றுவிடுவோம், இங்கேயும் குடும்பங்கள் அப்படிக் கேட்பதுண்டு. தேர்வில், தெளிவான மனநிலையில் இருக்கும் நோயாளிக்குத் தன் நோயைப் பற்றி அறிய உரிமை உண்டு என்பதை விட்டுவிடாத விடையைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், சகோதரியின் கணவர், கூட வேலை செய்பவர் யார் விசாரித்தாலும் நோயாளியின் விவரம் வெளியே போகக்கூடாது. நர்சிங் போர்டு வெளியிட்டிருக்கும் தாதியர் நெறிமுறை அதன் இணையத்தளத்திலேயே இருக்கிறது, நீண்ட ஆவணமும் இல்லை. ஒரு மாலையில் படித்துவிடலாம்.

ஊரில் செய்த முறை, இங்கே செல்லாத முறை

நோயாளியைப் படுக்கை எண்ணால் அடையாளம் காண்பதை அடியோடு மறந்துவிடுங்கள். மருந்து கொடுக்கும் முன் இரண்டு அடையாளங்கள், முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணோ பிறந்த தேதியோ. "நீங்கள் திருமதி லிம்தானே?" என்று கேட்கக்கூடாது, காது கேட்காத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். பெயரை அவரே சொல்ல வேண்டும், கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும்.

மூக்குவழியாக உணவு கொடுக்கும் குழாய் வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்க, காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பது ஊரில் பழக்கம். அதை நம்பக்கூடாது. உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைத் தாளில் சோதிப்பதுதான் முறை, சந்தேகம் என்றால் எக்ஸ்ரே.

தொற்றுத் தடுப்பில் எப்படியும் கேள்வி வரும். காசநோய், தட்டம்மை, சின்னம்மை காற்றில் பரவுபவை, தனி அறையும் என்95 முகக்கவசமும் வேண்டும். சளிக்காய்ச்சல் நீர்த்துளிகளால் பரவுவது. குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு என்றால் கை சுத்தம் செய்ய ஆல்கஹால் திரவம் போதாது, சோப்பும் தண்ணீரும்தான். பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது கையுறை முதலில், முகக்கவசம் கடைசியில்.

அளவுகோல்களில் ஒரு பொறி உண்டு. படுக்கைப்புண்ணுக்கான பிரேடன் அளவுகோலில் எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். விழும் ஆபத்துக்கான மோர்ஸ் அளவுகோலில் எண் ஏற ஏற ஆபத்து. நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் 3-இல் தொடங்கி 15 வரை, சுழியம் என்று ஒன்று கிடையாது. சிங்கப்பூரில் முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, ஆகவே விழுதல், படுக்கைப்புண், மறதிநோய், விழுங்கும் சிரமம் ஆகிய நான்கையும் மேலோட்டமாக விடாதீர்கள். மகப்பேறும் குழந்தை நலமும் படிக்க வேண்டியவைதான், ஆனால் என் அனுபவத்தில் முதியோர் பகுதிக்குக் கொடுத்த நேரமே வார்டில் பலன் தந்தது.

எப்போது, எங்கே படிப்பது

தேர்வுக்கு முன் தாதிமை இல்லத்தில் நர்சிங் எய்டாக வேலை பார்த்துக்கொண்டே படித்தவள் நான். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். புத்தகம் திறந்திருக்கும், கண் மூடியிருக்கும். நைட் முடிந்த நாளைத் தூக்கத்துக்கு விட்டுவிட்டு, ஓய்வு நாளில் நான்கு மணி நேரமும் வேலை நாளில் ஒரு மணி நேரமும் வைத்துக்கொண்டேன். பத்து வாரம் போதுமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் புதுப் பாடம் படிக்காமல் 20 கேள்விகள் செய்து, தப்பான ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதினேன். நோட்டின் பாதியில் திரும்பிப் பார்த்தால் ஒரே வரி மறுபடி மறுபடி இருந்தது: "கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை."

அறையில் ஆறு பேர் இருந்தால் படிக்க முடியாது. பொது நூலகத்துக்குப் போங்கள். ஜூரோங், தெம்பனீஸ், உட்லண்ட்ஸ் வட்டார நூலகங்கள் பெரியவை, உள்ளே போகக் காசு கிடையாது, குளுகுளு என்று இருக்கும். உட்கார உறுப்பினர் அட்டையும் தேவையில்லை. பள்ளித் தேர்வுக் காலத்தில் மட்டும் மாணவர்கள் நாற்காலி எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் "போன பேட்ச் கேள்விகள்" என்று ஒரு கோப்பு சுற்றும். எனக்கும் வந்தது. பாதிக் கேள்வி யாரோ நினைவில் இருந்து எழுதியது, விடைகள் இன்னொருவர் யூகித்தது. அதை நம்பிப் படித்ததில் தாழ்சர்க்கரைக்குத் தப்பான விடையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேர்வின் நாணயம் என்ற விஷயம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கோப்பு உபயோகமே இல்லை.

தேர்வு நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேதியும் இடமும் உங்களை எடுக்கும் நிறுவனம் சொல்லும். அசல் கடவுச்சீட்டையும் அனுமதிக் கடிதத்தையும் முதல்நாள் இரவே பையில் வையுங்கள், முந்தின நாள் நைட் ஷிப்ட் வேண்டாம் என்று மேலாளரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தேறிய பிறகு வார்டில்

தேர்வு முடிந்ததும் முழுச் சுதந்திரம் வந்துவிடாது. மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே திறன் மதிப்பீட்டையும் முடிக்க வேண்டும். மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, உடல்நிலைக் குறிப்புகள் எடுப்பது என ஒவ்வொன்றையும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். இங்கே வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. ஊரில் ஐம்பது பேருக்கு ஒரே ஆளாக ஊசி போட்ட கைக்கு நிதானம் வரச் சில வாரம் ஆகும். ஒவ்வொரு செயலையும் நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், திரையை இழுத்து மூடுங்கள், கை சுத்தம் செய்வதை மதிப்பிடுபவர் கண்ணில் படும்படி செய்யுங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போதும் போனில் தகவல் சொல்லும்போதும் ஒரு வரிசை எதிர்பார்ப்பார்கள்: நான் யார், யாரைப் பற்றி, இப்போது என்ன பிரச்சினை, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். கடைசியானதை நாம் சொல்லாமல் விழுங்கிவிடுவோம், பெரியவர்களிடம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து. "நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வாய்க்குப் பழக்குங்கள். நான் இதைக் குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பழகினேன், அறைத்தோழி கதவைத் தட்டி யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள்.

வயதான நோயாளிகளிடம் ஆங்கிலம் எப்போதும் எடுபடாது. மலாயில் சாக்கிட் என்றால் வலி, பெனிங் என்றால் தலைசுற்றல், மாக்கான் சாப்பாடு, மினும் குடிப்பது, கென்சிங் சிறுநீர். இந்த ஐந்தோடு தொடங்கினால் இரவு ஷிப்டை ஓட்டிவிடலாம். ஹொக்கியென் பேசும் தாத்தாக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சீனச் சகோதரியிடம் வலி, பசி, தண்ணீர் மூன்றுக்கும் சொல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் நோயாளி வந்தால் உங்களைத்தான் தேடி அழைப்பார்கள், அது எந்த வார்டாக இருந்தாலும்.

பதிவு ஒருமுறை கிடைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், தொழில் சான்றிதழைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியான நிலையில் நர்ஸாக வேலை செய்வது சட்டப்படி குற்றம். தேதியைக் கைபேசியில் இரண்டு மாதம் முன்கூட்டியே ஒலிக்கும்படி குறித்து வையுங்கள். தொடர் பயிற்சி வகுப்புகளுக்குப் போய் வந்த சான்றிதழ்களையும் அந்தந்த வாரமே படம் எடுத்து ஒரே கோப்பில் போட்டுவிடுங்கள்.